கடவுளறியவா, உளமாரவா?

மேலூர்ப் பக்கம் சித்தப்பா மகன் ஒருவன் எம்.எல்.ஏ. சீட்டுக்கு அலைகிறான். சீட்டே கிடைக்கவில்லை, அதற்குள் உறுதிமொழியை எப்படி எடுப்பது என்று டீக்கடையில் உட்கார்ந்து குழம்புகிறான்.

சட்டம்: கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். அரசமைப்பின் 3-வது அட்டவணையில் இரண்டும் உண்டு, இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

வீடு: கடவுளறிய என்றால் அப்பத்தாவுக்குச் சந்தோஷம். உளமார என்றால் கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள், 2021-ல் முதல்வரான ஸ்டாலினும் அப்படித்தான் எடுத்தார்.

வில்லங்கம்: உளமாரவில் எதுவும் இல்லை. கடவுள் பக்கம்தான் ஆசை கூடி, அழகர் பெயரைச் சேர்க்கலாமா என்கிறான். கூடாதுடா தம்பி! கேரளத்தில் 2001-ல் ஒரு எம்.எல்.ஏ. ஸ்ரீநாராயண குரு பெயரால் எடுத்தது செல்லாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, கையில் கீதையோ குரானோ பைபிளோ? நம் அட்டவணையில் புத்தகம் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவில் 2007-ல் கீத் எல்லிசன் என்ற முஸ்லிம் எம்.பி., அந்நாட்டின் பழைய அதிபர் ஜெபர்சன் வைத்திருந்த குரானின் மேல் கைவைத்தார், அதுவும் சடங்குக்காக நடந்த தனி நிகழ்ச்சியில்.

சாமி கும்பிடுகிறவனுக்குக் கடவுளறிய, மனசில் சந்தேகம் இருப்பவனுக்கு உளமார. இவன் வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவன், முதலாவதையே எடுக்கட்டும். ஆனால் முதலில் சீட்டு வாங்கட்டும்.