அம்மாவோடு கொரிய எல்லை: ஒருநாள் பஸ் சுற்றுலா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே முட்டி தேய்ந்தவர் அம்மா. அவரோடு சியோல் போனபோது ஒரு நாள் வடகொரிய எல்லைச் சுற்றுலா எடுத்தோம். நம் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தெற்கே ஊடுருவ வடகொரியா ரகசியமாகத் தோண்டி வந்த மூன்றாவது சுரங்கத்தை 1978இல் கண்டுபிடித்தார்கள். 73 மீட்டர் ஆழம். இறங்கிவிடலாம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். அம்மாவை மேலேயே உட்கார வைத்துவிட்டுப் போனேன்.

வெளியே ஒரு சிலை இருக்கிறது. பெரிய உருண்டை ஒன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது, உள்ளே கொரியா வரைபடம். இரண்டு பக்கமும் ஆட்கள் அதை ஒட்ட வைக்கத் தள்ளுகிறார்கள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அம்மா மட்டும் அரைமணி நேரம் பார்த்திருக்கிறார். நான் வந்ததும், "ஒரு பக்கம் மட்டும் தள்ளுனா உருண்டு போயிடும், பாரு" என்றார்.

வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் 2001இல் கட்டிய வளைவில் இரண்டு பெண்கள் ஒன்றுபட்ட கொரியாவின் வரைபடத்தை ஏந்தி நின்றார்கள். 2024 ஜனவரியில் அதை இடித்துவிட்டார்கள். அதைச் சொன்னபோது அம்மா பேசவே இல்லை.

அப்புறம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நினைவுப் பூங்கா, இம்ஜின்காக். குண்டு துளைத்த 1,020 ஓட்டைகளோடு துருப்பிடித்த ரயில் எஞ்சின் அங்கே நிற்கிறது. பக்கத்தில் வடக்கை விட்டு வந்தவர்கள் பண்டிகை நாளில் சொந்த ஊர்ப் பக்கம் பார்த்து வணங்க 1985இல் கட்டிய மேடை. வேலி முழுக்க ஆட்கள் எழுதிக் கட்டிய ரிப்பன்கள். அம்மாவும் ஒன்றில் தன் அக்கா பெயரைத் தமிழில் எழுதினார். அந்த அக்காவின் கணவரான பெரியப்பாவுக்கு, மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல், பினாங்கில் ரஜூலா கப்பலேறி இந்தியா போன குடும்பம். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

முடிச்சுப் போடுவதற்குள் வழிகாட்டி கூப்பிட்டுவிட்டார். இந்த இடத்துக்கு வெறும் இருபது நிமிஷம், நினைவுப்பொருள் கடைக்கு நாற்பது! இந்த ஒன்றை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. மற்றபடி பஸ் வசதி, விளக்கம் எல்லாம் நல்லாவே இருந்தது.

சுரங்கத்துக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். இம்ஜின்காக்குக்கு அது தேவையில்லை. சியோலிலிருந்து முன்சான் வரை ரயிலில் போய், அங்கிருந்து நீங்களாகவே போகலாம். பெரியவர்கள் கூட இருந்தால் அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குங்கள்.