ஹாஃப் டிமினிஷ்ட் கார்டோடு பல வருஷப் பழக்கம்

மைனர் ஸ்கேல் பாட்டுகளுக்கு கீபோர்டிலும் கிட்டாரிலும் பல வருஷமாக நான் விடாமல் வாசித்துவரும் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்), ஹாஃப் டிமினிஷ்ட் செவன்த். 'மைனர் 7 ஃப்ளாட் 5' என்று எழுதியிருந்தாலும் இதுதான். ரூட்டிலிருந்து, அதாவது கார்டின் அடிப்படை ஸ்வரத்திலிருந்து, மேலே 3 செமிடோன், மறுபடி 3, அப்புறம் 4. (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எதையும் விடாமல் அடுத்த கட்டைக்கு நகர்வதுதான் ஒரு செமிடோன்.) அந்தக் கடைசி 4-ஐயும் 3 ஆக்கினால் முழு டிமினிஷ்ட். அது வேறு குணம்.

தனியாக அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாக இல்லையே என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் நிறைய பேர். தனியாகக் கேட்டு முடிவு செய்யக் கூடாத கார்ட் இது. அடுத்து எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் இதன் அழகு முழுவதும் இருக்கிறது. கீபோர்டில் பி, டி, எஃப், ஏ நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், எல்லாமே வெள்ளைக் கட்டைகள். பி, டி இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு, எஃப்பிலிருந்து ஈக்கும், ஏ-யிலிருந்து ஜி ஷார்ப்புக்கும் இறங்குங்கள். நகர்ந்தது ஆளுக்கு ஒரே ஒரு செமிடோன், அதற்குள் ஈ செவன்த் வந்துவிட்டது! அங்கிருந்து ஏ மைனருக்குப் போனால், மனசு கனத்துப் பின் இளகும் அந்த உணர்வு கிடைக்கும். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை. இடது கையில் ரொம்பக் கீழே மட்டும் நான்கு ஸ்வரத்தையும் நெருக்கி வாசிக்காதீர்கள், ஒரே இரைச்சலாகிவிடும்.

கிட்டாரில் இதே பி கார்டுக்கு ஐந்தாவது கம்பியிலிருந்து வரிசையாக 2, 3, 2, 3 ஃப்ரெட் (கிட்டாரின் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்). ஆள்காட்டி, மோதிரம், நடு, சுண்டு விரல் என்று வைக்க வேண்டும். ஆறாவது கம்பியும் முதல் கம்பியும் ஒலிக்கக் கூடாது. ஆள்காட்டி விரல் நுனியாலும் சுண்டுவிரல் அடிப்பக்கத்தாலும் அவற்றை லேசாகத் தொட்டு நிறுத்தலாம். கை பழகக் கொஞ்சம் நாளாகும். ஆனால் வடிவத்தை அப்படியே நகர்த்தினால் எந்த ரூட்டும் கிடைக்கும்: 3-வது ஃப்ரெட்டில் தொடங்கினால் சி, 9-ல் எஃப் ஷார்ப்.

குழுவில் வாசிக்கும்போது பேஸ் கிட்டார்காரரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் அதே பி, டி, எஃப், ஏ-வைத்தான் வாசிப்பீர்கள். அவர் கீழே டி போட்டால் கேட்பவர் காதுக்கு அது டி மைனர் சிக்ஸ்த், ஜி போட்டால் ஜி நைன்த். ஏ மைனருக்குப் போகும் அந்தச் சோகம் வேண்டுமென்றால் அவர் பி-யில் நின்று, அடுத்து ஈக்குப் போகட்டும்.