ஸ்க்ரீன்ஷாட்டா, தடுப்பூசி அட்டையா?

விவாகரத்தும் பிள்ளையும் கேட்டு மதுரை குடும்ப நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் கையில் இரண்டு வகை ஃபைல் இருக்கும். ஒன்று, துணையின் தகாத உறவைக் காட்டும் வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டுகளால் தடித்தது. 1955 இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து கேட்க அது உதவும். தகாத உறவும் அதற்கு ஒரு காரணம். ஆனால் 2018-லேயே உச்ச நீதிமன்றம் அதைக் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஜெயிலுக்கு அனுப்புவேன் என்ற மிரட்டல் எல்லாம் சும்மா.

இன்னொன்று மெலிசு. தடுப்பூசி அட்டை, அப்புறம் பள்ளி டைரியில் தினமும் ஒரே கையெழுத்து விழுந்த பக்கங்கள், காய்ச்சலில் நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன சீட்டு. பிள்ளை யாரிடம் என்ற கேள்வி வரும்போது, என் கணக்கில் இதுதான் கனமான ஃபைல். 1956 இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பிள்ளையின் நலனைத்தான் முதலில் வைக்கிறது. மோசமான கணவன் மோசமான அப்பாவாகத்தான் இருப்பான் என்று அது முடிவு கட்டுவதில்லை, மனைவிக்கும் அப்படியே. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்.

அதற்காக முதல் ஃபைல் குப்பை என்று சொல்லமாட்டேன். அந்த உறவால் பிள்ளை ராத்திரியில் தனியாகக் கிடந்தது, அடி வாங்கியது என்றால் கதையே வேறு. அப்போதும் ஸ்க்ரீன்ஷாட்டைவிட எதிர்வீட்டு அக்காவின் சாட்சிதான் அதிகம் பேசும்.