100% கிரீன் கரண்ட் பிளான்: ஒரு வருஷம் இருந்து பார்த்துட்டு எழுதுறேன்

இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கோம், ரெண்டு பெட்ரூம் பிளாட், கேஸ் கனெக்‌ஷனே கிடையாது. ஹீட்டர், குளிக்க சுடுதண்ணி, அடுப்பு எல்லாம் கரண்ட்தான். அதனால எந்த கம்பெனி எந்த டாரிஃப்ங்கிறது எங்க வீட்டுல அரிசி விலை மாதிரி, மாசத்துக்கு ஒரு தடவையாவது பேச்சு வந்துரும். 2024 அக்டோபர்ல, ராட்கிளிஃப்ல இருந்த நாட்டோட கடைசி நிலக்கரி பிளான்ட்டை மூடுன அதே வாரம், ஒரு கம்பெனில இருந்து மெயில் வந்துச்சு. நிலக்கரி காலம் முடிஞ்சுபோச்சு, வாங்க நூறு சதவீதம் கிரீனுக்கு அப்படின்னு, பக்கத்துல ஒரு காத்தாடி, ஒரு பச்சை இலை. ஒரு வருஷ ஃபிக்ஸ்டு. பழைய பிளானை விட யூனிட்டுக்கு ஒரு பென்னி கம்மி வேற. சரின்னு மாறிட்டேன். கம்பெனி பேரு போடல, கமெண்ட்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன், ஏன்னா நான் சொல்லப்போற விஷயம் அந்த ஒரு கம்பெனியோட நிக்கிறது இல்ல.

முதல்ல சர்வீஸ் பத்தி சொல்லிடுறேன், நிறைய பேரு அதுக்குத்தான் வந்திருப்பீங்க. மாறுறது ஈஸி, ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சுது, பழைய கம்பெனிகிட்ட நாம பேசவே வேண்டாம். ஆப் நல்லா இருக்கு, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எவ்வளவு இழுத்திருக்குன்னு கிராஃப் காட்டும் (இதைப் பார்த்துதான் இட்லி மாவு கிரைண்டரை விட டவல் காய வைக்கிற ராடு அதிகமா தின்னுதுன்னு கண்டுபிடிச்சோம், இப்ப அது ஆஃப்). போன் பண்ணா இருபது நிமிஷம் மியூசிக் கேக்கணும். டிசம்பர்ல கேக்காமலே டைரக்ட் டெபிட்டை ஏத்திட்டாங்க, அக்கவுண்ட்ல நம்ம காசு கிரெடிட்ல கிடக்கும்போதே. ரெண்டு மெயில் போட்டதும் பழைய அமௌன்ட்டுக்கு மாத்துனாங்க, சாரியும் சொன்னாங்க. சர்வீஸுக்கு அஞ்சுக்கு நாலு தாராளமா கொடுக்கலாம்.

இப்ப அந்த "நூறு சதவீதம் கிரீன்" மேட்டருக்கு வருவோம்.

ஆபீஸ் விஷயமா ஹல்லுக்கு மாசம் ஒரு தடவை போற ஆளு நான். ட்ரெயின்ல போனாலும் சரி, எம் 62ல கார்ல போனாலும் சரி, செல்பிங்கிற ஊர் பக்கம் வந்தா பன்னெண்டு கூலிங் டவர் கூட்டமா நிக்கும், நடுவுல 259 மீட்டர்ல ஒரு சிம்னி. அதான் ட்ராக்ஸ் பவர் பிளான்ட். முன்னாடி அந்தப் பக்கம் ஃபெர்ரிபிரிட்ஜ், எக்பரோன்னு இன்னும் ரெண்டு பிளான்ட்டோட டவருங்களும் தெரியுமாம், அதெல்லாம் வெடி வெச்சு இடிச்சாச்சு, இது மட்டும் நிக்குது. நான் ரொம்ப நாளா அது நிலக்கரின்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் கூட வந்த கலீக்தான் சொன்னாரு, "அது இப்போ விறகுப்பா, உன் கிரீன் கரண்ட்ல அதுவும் இருக்கும் பாரு"ன்னு. விளையாட்டுக்கு சொல்றாருன்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்து கம்பெனியோட ஃபியூயல் மிக்ஸ் பக்கத்தை எடுத்துப் பார்த்தா நிலக்கரி 0, கேஸ் 0, நியூக்ளியர் 0, ரினியூவபிள் 100. அவ்வளவுதான் போட்டிருக்கு. ரினியூவபிள்னா என்னென்னன்னு பிரிச்சுக் காட்டல, சட்டப்படி இந்த டேபிள்ல காட்டணும்னும் இல்ல. சாட்ல கேட்டேன், ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: காத்து, சூரியன், தண்ணி, அப்புறம் பயோமாஸ்னு கணிசமா ஒரு துண்டு. பயோமாஸ்னா எதுன்னு திரும்பக் கேட்டதுக்கு "சஸ்டெய்னபிளா எடுத்த ஆர்கானிக் பொருட்கள்". விறகுங்கிற வார்த்தையை சாட்ல பதில் சொன்ன பொண்ணு கடைசி வரைக்கும் டைப் பண்ணல, அவங்க தப்பு இல்ல, ஸ்கிரிப்ட்ல இருக்குறதைத்தானே சொல்வாங்க.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. கிரீன் பிளான்னா கிரீன் கரண்ட் தனி வயர்ல வர்றது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு மெகாவாட்-ஹவர், அதாவது ஆயிரம் யூனிட் கிரீன் கரண்ட்டுக்கு ஒரு சர்டிஃபிகேட்னு, ரீகோன்னு சொல்வாங்க, கொடுக்குறாங்க. அந்த சர்டிஃபிகேட்டை கரண்ட் இல்லாம தனியாவும் விக்கலாம் வாங்கலாம். நம்ம கம்பெனி மார்க்கெட்ல யாரோ செஞ்ச கரண்ட்டை வாங்கிட்டு, தேவைக்கு சர்டிஃபிகேட்டை தனியா வாங்கி மேல ஒட்டிட்டா கிரீன் ஆயிடும். கடலுக்கு நடுவுல சுத்துற காத்தாடிக்கும் அதே பச்சை சீட்டுதான், செல்பில விறகு எரியிற பாய்லருக்கும் அதே சீட்டுதான். எனக்கு கடுப்பானது இங்கதான்.

விறகுன்னா நம்ம நினைக்கிற மாதிரி கட்டை கட்டையா போடுறது இல்ல. அமெரிக்காவோட தெக்கு மாநிலங்கள், லூசியானா, மிசிசிப்பி பக்கம், அப்புறம் கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியா, பால்டிக் நாடுகள், இங்கெல்லாம் இருந்து மரத்தூள், அறுவை மில் கழிவு, தோட்டத்துல இடைவெளி விட வெட்டுன மரம், பலகைக்கு ஆகாத கட்டை இதையெல்லாம் எடுத்து காய வெச்சு, பொடியாக்கி, அமுக்கி, சுண்டு விரலை விட மெல்லிசா துண்டு துண்டா பண்ணுவாங்க, மாட்டுத் தீவனம் பெல்லட் பார்த்திருப்பீங்கல்ல, அதே மாதிரி. பசையே வேண்டாம், மரத்துல இருக்குற லிக்னின் சூட்டுல இளகி தானே ஒட்டிக்கும். ஒரு டன் பெல்லட்டுக்கு கிட்டத்தட்ட ரெண்டு டன் பச்சை மரம் வேணும். மழை பட்டா நனைஞ்சு கூழாயிடும்னு கப்பல்ல மூடி, மூடுன வேகன்ல ஏத்தி, பிளான்ட்ல பெரிய டோம் கட்டி அதுக்குள்ள கொட்டி வெக்குறாங்க. சும்மா கிடந்தாலே சூடாகும், கார்பன் மோனாக்சைடு விடும், அதனால உள்ள நைட்ரஜன் செலுத்தி பத்திரமா வெச்சிருக்காங்க. இஞ்சினியரிங்கா பார்த்தா அசந்துதான் போவீங்க. இந்த மாதிரி வருஷத்துக்கு பல மில்லியன் டன் வருது.

இதையெல்லாம் ஊருக்கு போன் பண்ணி அப்பாகிட்ட சொன்னேன். நாங்க பரமக்குடி பக்கம், எங்க ஊர்ல கருவை மரம் வெட்டாத ஆளே கிடையாது, கரிமூட்டம் போட்டுத்தான் பாதி வீட்ல பொழப்பு ஓடுச்சு. அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "டன்னு என்ன ரேட்டுக்கு எடுக்குறாய்ங்களாம்?"னாரு. அதுக்கப்புறம் ரொம்ப சாதாரணமா, "இங்கயுந்தான் கருவையை வெட்டி கரண்டுக்கு லாரி ஏத்துறாய்ங்க"ன்னு சொன்னாரு. உண்மைதான், ராமநாதபுரம் சிவகங்கை பக்கம் சீமைக்கருவேலத்தை எரிச்சு கரண்ட் எடுக்குற சின்ன பிளான்ட்டுங்க இருக்கு. ஆனா அது வேற கணக்கு. கருவை வெளில இருந்து வந்து கண்மாய் வயல்னு பிடிச்ச மரம், வெட்டுனா யாரும் அழப்போறது இல்ல, அடிக்கட்டைல இருந்து தழைச்சு மூணு நாலு வருஷத்துல திரும்ப வெட்டுக்கு வந்து நிக்கும். வெட்டுற இடமும் எரிக்கிற இடமும் ஒரு லாரி தூரம். புகையில போன கார்பனை அடுத்த மரம் நம்ம கண்ணு முன்னாடியே திரும்ப எடுத்துக்குது.

அமெரிக்காவோட பைன் காட்டுல அப்படி இல்லையே. விறகு எரிச்சாலும் கார்பன் டை ஆக்சைடு வரும், அதை யாரும் மறுக்கல. ஒரு யூனிட் கரண்ட்டுக்கு சிம்னில வர்ற அளவை மட்டும் பார்த்தா கிட்டத்தட்ட நிலக்கரி அளவுக்கே வரும், கொஞ்சம் கூடவே கூட வரலாம், விறகுல ஈரமும் இருக்கு, அதே எடைக்கு சூடும் கம்மி. போதாததுக்கு இந்த மாதிரி பிளான்ட்ல எரியிற சூட்டுல நூத்துக்கு நாப்பது கூட கரண்ட்டா மாறாது, மிச்சம் அந்த டவர் வழியா ஆவியா போயிடுது. கிரீன்னு சொல்றதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, மரம் திரும்ப வளரும்போது அந்த கார்பனை எடுத்துக்கும்ங்கிறது. எப்ப எடுத்துக்கும்? மரத்தூளா இருந்தா, எப்படியும் மக்கி போயிருக்கும், சீக்கிரமே கணக்கு நேராகிடும். முழு மரமா இருந்தா பல பத்து வருஷம். 2021 பிப்ரவரில ஐநூறுக்கு மேல விஞ்ஞானிங்க சேர்ந்து, கரண்ட்டுக்காக மரத்தை எரிக்காதீங்கன்னு பைடன் உட்பட உலகத் தலைவர்களுக்கு லெட்டர் போட்டது இதுக்குத்தான், கடன் இன்னைக்கு வாங்குறீங்க, அடைக்கிறதோ பேரன் காலத்துல.

அப்போ யூகே கணக்குல ஏன் சைபர் வருதுன்னு கேட்டா, சர்வதேச கணக்கு விதிப்படி மரத்தோட கார்பனை வெட்டுன நாட்டோட நிலக் கணக்குல எழுதணும், எரிச்ச நாட்டோட கரண்ட் கணக்குல எழுதக்கூடாது. ரெண்டு தடவை எண்ணக்கூடாதுன்னு போட்ட நியாயமான விதிதான். ஆனா நடக்குறது என்னன்னா மிசிசிப்பில வெட்டுனது அமெரிக்காவோட பெரிய காட்டுக் கணக்குல கரைஞ்சுடுது, இங்க பில்லுல சைபர். கார்பனுக்கு காசு கட்டுற ஸ்கீம்லயும் அதே சைபர். எம்பர்னு ஒரு அமைப்பு ட்ராக்ஸ் சிம்னில வர்றதை எண்ணிப் பார்த்து, 2023ல 11.5 மில்லியன் டன், நாட்டுல ஒரே இடத்துல இருந்து வர்றதுல இதுதான் பெருசுன்னு சொல்லுச்சு.

இதை வெச்சு ட்ராக்ஸை வில்லன் ஆக்கணும்னு எனக்கு ஆசை இல்ல. 70கள்ல இருந்து நிலக்கரி எரிச்ச இடம், ஆறு யூனிட்ல நாலை 2013ல இருந்து 2018க்குள்ள பெல்லட்டுக்கு மாத்துனாங்க, மிச்சத்தையும் 2023ல மூடிட்டாங்க. பூமிக்கடியில கிடந்த கார்பனை தோண்டி எடுக்கல, அது பெரிய வித்தியாசம்தான். இன்னொண்ணு, போன ஜனவரில நாலஞ்சு நாள் மூட்டமா, காத்தே இல்லாம, வெளில மைனஸ்ல கிடந்தப்ப என் வீட்டு ஹீட்டர் ஓடுனதுக்கு இந்த விறகும் ஒரு காரணம். நாட்டோட கரண்ட்ல நூத்துக்கு அஞ்சு ஆறு இங்க இருந்துதான் வருது. பட்டனை அமுக்குனா ஓடும், காத்தாடிக்கு அந்த குணம் கிடையாது. காட்டுக்காரங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு: அமெரிக்காவோட தெக்குல காடு பெரும்பாலும் தனியார் சொத்து, நல்ல மரம் பலகைக்கு போகுது, கழிவுக்கும் ஒரு விலை கிடைச்சாத்தான் நிலத்துக்காரன் மரம் வளர்ப்பான், இல்லன்னா பிளாட் போட்டு வித்துடுவான்.

ஆனா கழிவு மட்டும்தானாங்கிறதுலதான் வண்டி குடை சாயுது. 2022 அக்டோபர்ல பிபிசி, கனடாவுல மனுஷன் கை படாத பழைய காட்டு மரமும் ட்ராக்ஸோட மில்லுக்கு போச்சுன்னு காட்டுச்சு, ட்ராக்ஸ் மறுத்துச்சு. கரண்ட், கேஸ் கம்பெனிங்களை கண்காணிக்கிற ஆஃப்ஜெம் விசாரிச்சு 2024 ஆகஸ்ட்ல முடிச்சாங்க: கனடா மரம் எந்த வகைன்னு கொடுத்த கணக்கு சரியில்ல, 25 மில்லியன் பவுண்ட் கட்டுனாங்க. வேணும்னே செஞ்சதுக்கோ சப்சிடி தப்பா போனதுக்கோ ஆதாரம் இல்லன்னும் ஆஃப்ஜெம்மே சொல்லுச்சு, அதையும் சொல்லணும்ல. மிசிசிப்பில குளோஸ்டர்னு ஒரு சின்ன ஊரு, பெரும்பாலும் கறுப்பின மக்கள், அங்க ட்ராக்ஸோட பெல்லட் மில்லுல மரம் காய வெக்கும்போது வர்ற வாயு அனுமதிச்ச அளவை தாண்டுச்சுன்னு 2021ல 25 லட்சம் டாலர் ஃபைன். ராத்திரி பகலா சத்தம், தூசின்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க. என் பில்லுல இருக்குற பச்சை இலைக்கு அந்த ஊரு மூச்சு திணறுதுன்னா அந்த இலையை கொஞ்சம் சின்னதா போடலாம்.

சரி, வேற பிளானுக்கு மாறிட்டா முடிஞ்சுதான்னு பார்த்தேன். காத்து, சூரியன், தண்ணி மட்டும்னு சொல்லி, அந்த பண்ணைங்ககிட்ட நேரடியா கான்ட்ராக்ட் போட்டு வாங்குற கம்பெனிங்க இருக்கு, எங்க யூசேஜுக்கு வருஷத்துக்கு நூறு பவுண்ட் பக்கம் கூட வருது. அதைவிட பெரிய ஏமாத்தம் என்னன்னா, விறகுக்கு போற சப்சிடி எந்த பிளான்ல இருந்தாலும் போகும். அது ரினியூவபிள் ஸ்கீம் செலவா எல்லா கம்பெனியோட ரேட்டுக்குள்ளயும் கலந்திருக்கு, காத்தாடிக்கும் அதே வழியில போகுது. எனக்கு வேணாம்னு டிக் எடுக்க ஒரு பாக்ஸ் கூட கிடையாது. இப்ப இருக்குற சப்சிடி 2027 மார்ச்ல முடியுது, அதுக்கப்புறம் 2031 வரைக்கும் புதுசா ஒரு டீல்: வருஷத்துல முழுத் திறன்ல 27 சதவீதம் அளவுக்கு மேல ஓட்டுறதுக்கு சப்சிடி கிடையாது, மரம் முழுக்க சஸ்டெய்னபிளா இருக்கணும், சப்சிடி பாதியாகும்னு 2025 பிப்ரவரில கவர்மென்ட் சொல்லுச்சு. எனக்கு இது சரியாத்தான் படுது. காத்து இல்லாத நாளுக்கு மட்டும் விறகை வெச்சுக்கோ, நாள் முழுக்க அடுப்பு எரிக்காதே. அதை முதல்லயே செஞ்சிருக்கலாம், இத்தனை வருஷம் ஓட்டுன பிறகு இப்பத்தான் தோணுச்சா?

ஆக கிரீன்ங்கிற வார்த்தைக்கு அஞ்சுக்கு ரெண்டுதான் கொடுப்பேன், அந்த ரெண்டும் மிக்ஸ்ல இருக்குற காத்துக்கு. "ரினியூவபிள் 100"க்கு கீழ சின்ன எழுத்துலயாவது இவ்வளவு காத்து, இவ்வளவு விறகுன்னு போட்டிருந்தா மூணு கொடுத்திருப்பேன். கேட்டாத்தான் சொல்றாங்கங்கிறதுதான் பிரச்சனை.

நீங்க மாறுறதா இருந்தா சைன் பண்றதுக்கு முன்னாடி சாட்ல மூணு கேள்வி கேளுங்க: உங்க ரினியூவபிள்ல பயோமாஸ் எத்தனை சதவீதம், அது மரமா இல்ல சாணம் குப்பை கேஸா (ரெண்டும் பயோதான், ஆனா வேற வேற), அப்புறம் கரண்ட்டோட சேர்த்து வாங்குறீங்களா, சர்டிஃபிகேட் மட்டுமா. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. எங்க ஃபிக்ஸ்டு இந்த மாசக் கடைசில முடியுது, அந்த கூட நூறு பவுண்ட் பிளானுக்கு வீட்ல இன்னும் ஓகே வாங்கல, டவல் ராடை ஆஃப் பண்ணதுல மிச்சமானதை எடுத்து இதுல போட்டுடலாம்னு பேச்சு ஓடிட்டு இருக்கு. ரெஃபரல் லிங்க் கேக்காதீங்க, இல்ல.