முழங்கை வலிக்கு எந்த நரம்பு, எந்த மட்டை: டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் ஒரே விடை இல்லை

டென்னிஸ் ஆடுபவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் மட்டையையே மாற்றுகிறார்கள். அதைவிடக் குறைந்த செலவில் கூடுதல் பயன் தருவது மட்டையில் கட்டியிருக்கும் நரம்பை மாற்றுவதே என்பது என் உறுதியான கருத்து. மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கும் தசைநாண் முழங்கை எலும்பில் பொருந்தும் இடம், அடிக்கு அடி சுமை ஏற்று நலிவதால்தான் இந்த வலி வருகிறது. பந்து நரம்பின்மேல் தங்குவது ஏறத்தாழ 5 மில்லிவினாடிதான். அதற்குள் நரம்பு எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கிறதோ அவ்வளவுக்குக் கைக்குச் சுமை குறைகிறது.

பரவலாகப் பயன்படும் நரம்புகளில் மிகக் குறைவாக நெகிழ்வது பாலியெஸ்டர். 1997இல் பிரேசில் வீரர் குஸ்தாவோ குயெர்ட்டன் லக்சிலான் நிறுவனத்தின் பாலியெஸ்டர் நரம்புடன் ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓபன்) பட்டத்தை வென்றபின் அது உலகெங்கும் பரவியது. பந்தை வேகமாகச் சுழற்றி அடிக்க அதற்கு இணை இல்லை. ஆனால் அதன் இறுக்கம் விரைவாகத் தளர்ந்து, துள்ளலும் போய்விடும். நாள்தோறும் ஆடும் இளைஞர் அதை அடிக்கடி மாற்றிவிடுவார். டர்பனின் புறப்பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வார இறுதியில் இரட்டையர் ஆட்டம் ஆடும் நடுவயதுக்காரருக்கு நரம்பு அறுவதே இல்லை என்பதால், செத்துப்போன அதே நரம்புடன் ஆண்டு முழுவதும் ஆடுகிறார். கைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

நுண்ணிய நைலான் இழைகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்துச் செய்யும் பலஇழை நரம்பு மென்மையானது. மெல்லமெல்லப் பிசிறு விட்டு அறும். மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை நரம்பு அதையும் விஞ்சும். இறுக்கத்தை நெடுநாள் காப்பதிலும் அதுவே முதலிடம். விலை பல மடங்கு என்பது ஒருபுறமிருக்க, ஈரம் அதற்குப் பகை. டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை நிலவும் கடலோரப் புழுக்கத்தில், மேற்பூச்சு இருந்தாலும் அது விரைவில் நைந்துவிடும் என்பதால், கடற்கரையில் வாழ்பவர்களுக்குப் பலஇழை நரம்பையே பரிந்துரைப்பேன். உலர்ந்த ஜோகன்னஸ்பர்க்கில் இயற்கை நரம்புக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. கோடைப் பிற்பகல் இடிமழையில் மட்டை நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜோகன்னஸ்பர்க்கின் சிக்கல் உயரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கிறது; அதை அடக்க நரம்பை இறுக்கிக் கட்டுகிறார்கள், அதற்கான விலையைக் கைதான் செலுத்துகிறது. 1,219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் தனிப் பந்து இருக்கும்போது, முதலில் மாற வேண்டியது பந்து. சுழற்சியை விட மனமில்லாதவர்கள், ரோஜர் பெடரர் செய்ததுபோல நெடுக்கில் இயற்கை நரம்பும் குறுக்கில் பாலியெஸ்டரும் கட்டலாம்; ஆனால் வலி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அதையும் சொல்லமாட்டேன்.

மட்டைகளில் பபோலா ப்யூர் டிரைவையும் வில்சன் கிளாஷையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எடை இரண்டிலும் ஏறத்தாழ 300 கிராம்தான். ஆனால் சட்டகத்தின் விறைப்பைக் காட்டும் எண் முன்னதில் சுமார் 70, பின்னதில் சுமார் 55. விறைப்பு கூடினால் பந்துக்கு வேகம் எளிதில் கிடைக்கும், அதிர்ச்சியும் கூடுதலாகக் கைக்கு வரும். வலி உள்ளவருக்குக் கிளாஷ் மேல். ப்யூர் டிரைவில் முழுக்கப் பாலியெஸ்டர் கட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது. கைக்கு இதமென்று நம்பி 260 கிராம் மட்டையைத் தேடுவதும் தவறு: எடை குறைந்த மட்டையைப் பந்து எளிதில் பின்தள்ளும், அதைத் தாங்கப் பிடியை இறுக்க வேண்டிவரும். நரம்பில் செருகும் ரப்பர் துண்டு ஒலியைத்தான் மாற்றும்.

கடையிலோ நண்பரிடமோ இரவல் மட்டை வாங்கிச் சோதிக்கும்போது, அதில் எந்த நரம்பு, எத்தனை கிலோ இறுக்கத்தில் கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பலஇழை நரம்பு கட்டிய விறைப்பான மட்டை, பழைய பாலியெஸ்டர் கட்டிய நெகிழ்வான மட்டையைவிடக் கைக்கு இதமாகத் தோன்றக்கூடும். இரண்டிலும் ஒரே நரம்பை ஒரே இறுக்கத்தில் கட்டி ஆடிப் பார்த்தால்தான் எந்தச் சட்டகம் உங்கள் கைக்கு நல்லது என்று தெரியும்.