நுரைக்கும் பொடியா, காய்ச்சிய மிட்டாயா?

அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் உப்பு, நீர், கார்பன் டை ஆக்சைடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அது நடப்பதை நாக்கில் உணர்ந்தவர்கள் குறைவு. காசிமேட்டில் எங்கள் வீட்டு மாடிக்கு டியூஷன் வரும் எட்டுப் பேருக்கும் மிட்டாய் வழியாகவே இதைக் காட்டிவிட வேண்டும் என்று இரண்டு வகையையும் செய்து பார்த்தேன். என் ஓட்டு பொடிக்குத்தான்.

ஆப்ப சோடாவில், அதாவது சோடியம் பைகார்பனேட்டில், வினிகரை ஊற்றும் எரிமலை எல்லாரும் பார்த்ததுதான். அதை யாரும் நக்கிப் பார்க்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

காய்ச்சிய மிட்டாய்க்கு, சர்க்கரைப் பாகை 150 டிகிரி வரை கொதிக்கவிட்டு ஆப்ப சோடாவைத் தூவ வேண்டும். பொன்னிறத்தில் பொங்கி எழும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் அந்தச் சூட்டில் சோடா தானாகவே சிதைந்து வாயுவைக் கக்குகிறது. அமிலமே தேவையில்லை. அது வெப்பச் சிதைவுப் பாடம். நல்ல பாடம்தான், நான் நடத்த வந்தது வேறு. போதாததற்கு, கொதிக்கும் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும்.

பொடிக்கு அடுப்பே வேண்டாம். மிக்ஸியில் நைசாக அரைத்த சர்க்கரை எட்டு ஸ்பூன், மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், ஒரு ஸ்பூன், ஆப்ப சோடா அரை ஸ்பூன். (சலவை சோடா வேறு, அதை வாயில் போடவே கூடாது. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.) சமையல் பாத்திரம்தான், ஆய்வகக் கண்ணாடி எதுவும் கிட்டே வரக் கூடாது. உலர்ந்திருக்கும்வரை பொடி அசையாமல் கிடக்கும். எச்சிலில் கரைந்ததும் அமிலமும் சோடாவும் சந்தித்து நுரைக்கத் தொடங்கும். "மிஸ், நாக்கு ஜில்லுனுது!" என்றாள் ஒருத்தி. வெப்பம் கொள் வினையை அவள் நாக்கே கண்டுபிடித்துவிட்டது.

அளவை மாற்றிப் பார்க்கவும் பொடியில்தான் வசதி. சமன்பாட்டின்படி 192 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு 252 கிராம் சோடா, அதாவது பத்துக்குப் பதின்மூன்று. அப்படிக் கலந்த பொடி புளிப்பே இல்லாமல் உப்புக் கரித்தது. பத்துக்கு ஐந்து போட்டதில் அமிலம் மீந்து சுள்ளென்று புளித்தது. எது தீர்ந்தது, எது மிச்சம் என்று கரும்பலகையில் கால் மணி நேரம் விளக்குவதை ஒரு சிட்டிகை சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் மேல் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: ஈரம். கடல் எங்களுக்குத் தெருக்கோடியில். துவைத்த துணியே இங்கே முழுசாகக் காயாது. முதல் முறை கலந்த பொடியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். மறுநாள் அடை மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்பூனால் குத்தி எடுத்துக் கொடுத்தால், "இன்னா மிஸ், நேத்து பொங்குச்சு, இன்னிக்கு சும்மா கெடக்குது?" என்றான் ஒரு பையன். ராத்திரியே காற்றின் ஈரத்தை உறிஞ்சி, டப்பாவுக்குள்ளேயே வினை மெல்ல நடந்துவிட்டது. ஒரு கிராம் சோடா முழுதாக வினைபுரிந்தால் கிட்டத்தட்ட 300 மில்லி வாயு வரும். அவ்வளவும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். காய்ச்சிய மிட்டாயும் தப்பவில்லை, அது காகிதத்தோடு சேர்ந்து பிசுபிசுத்தது. ஆனால் பொடிக்கு மாற்று வழி இருக்கிறது, மிட்டாய்க்கு இல்லை.

இப்போது சர்க்கரையில் பாதியோடு அமிலத்தை ஒரு டப்பாவிலும், மீதியோடு சோடாவை இன்னொன்றிலும் வைக்கிறேன். அமில டப்பா லேசாகக் கட்டி தட்டினாலும் நுரை போவதில்லை. எட்டுப் பேரும் உட்கார்ந்த பிறகு, உலர்ந்த ஸ்பூனால் அவரவர் உள்ளங்கைக்கு அளவாகக் கலந்து கொடுக்கிறேன். வாய்ப்புண் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் கிடையாது. பொடியை மாத்திரையாக அழுத்தும் அச்சை ஒரே ஒரு முறைதான் முயன்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வந்தது கார்பன் டை ஆக்சைடுதானா என்று கேட்கும் பிள்ளைக்காக, வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு வைத்திருக்கிறேன். மிஞ்சிய பொடியைப் பாட்டிலில் போட்டு நீர் விட்டு, டியூப் வழியாக வாயுவைச் செலுத்தினால் தெளிநீர் பால்போல் கலங்கும்.