வால்தர் ஜிஎஸ்பி .32 கன்வர்ஷன் கிட்: பேரல் மட்டும் மாத்துற கதை இல்லீங்க

மொதல்லயே சொல்லிடறேன், இது என்னோட துப்பாக்கி இல்ல, கிளப்போடது. கோயமுத்தூர்ல நான் போற கிளப்ல ஒரு பழைய வால்தர் ஜிஎஸ்பி இருக்குது, .22 பிஸ்டல் (குண்டோட குறுக்களவு, அங்குலக் கணக்குல), அதுகூடவே அதே பிஸ்டல்ல பெரிய .32 குண்டு சுடறதுக்கு மாத்திப் போடற கிட்டும் ஒட்டுக்கா வாங்கி வெச்சிருக்காங்க, ஆனா அந்தப் பெட்டிய பல வருசமா யாரும் சீண்டுனதா தெரியல. ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம வெடியால போயி ரேஞ்ச் மாஸ்டர் அண்ணன் பக்கத்துல நிக்க ரெண்டையும் மாத்தி மாத்தி சுட்டுப் பாத்தாச்சு.

நமக்கு கணபதில லேத்து பட்டறைங்க. பட்டறைக்காரன் புத்தி என்னன்னா, டிரில் பிட்டு மாத்துற மாதிரி .22 பேரல கழட்டிட்டு .32 பேரல சொருவுனா வேல முடிஞ்சுதுன்னு நெனைக்கறது. நெனப்புக்குக் காரணம் டல்லாஸ்ல இருக்கற சித்தப்பா பையன், அவன் .40 பிஸ்டல்ல பேரல மட்டும் மாத்தி .357 சிக் சுடற வீடியோ அனுப்பியிருந்தான், அரை நிமிசம் கூட ஆகல. அது அங்க நடக்கும், ஏன்னா .357 சிக்குங்கற குண்டே .40 கேஸோட (மருந்து இருக்கற பித்தள கூடு) கழுத்த இறுக்கி 1994-ல பண்ணுனது, அடிப்பக்கம் ஒரே அளவு, குண்டு அடுக்கற மேகசின் கூட அதேதான். .40-ல இருந்து 9 எம்எம் போகணும்னா பேரலோட மேகசினும் மாத்தணும்னான். நம்மூர்ல 9 எம்எம் ப்ரொஹிபிட்டட் போர், அதாவது தட பண்ணுன அளவு, பேசி பிரயோஜனமில்ல, விட்டுருவோம்.

ஜிஎஸ்பி பெட்டிய தொறந்தப்பத்தான் ஒறச்சுது. உள்ள பேரல் மட்டும் இல்ல, பேரல், ரிசீவர்ங்கற கூடு, அதுக்குள்ள முன்னும் பின்னும் ஓடுற போல்ட், மேல குறி பாக்கற சைட்டு எல்லாம் சேந்த முழு மேல்பாதி, தனி மேகசின் வேற. ஏன்னா .22 ரிம்பயர், மருந்து கேஸோட விளிம்புல இருக்குது, பின்னு ஓரத்துல அடிக்கணும், .32 சென்டர் பயர், பத்த வெக்கற கேப்பு நடு மையத்துல, பின்னு அங்க அடிக்கணும். .22 கேஸோட விளிம்பு 7 மில்லி, இந்த கிட்டு சுடற .32 எஸ்&டபிள்யூ லாங்குக்கு 9.5 மில்லி, அப்ப காலி கேஸ வெளிய இழுக்கற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி எப்படிங்க ரெண்டையும் புடிக்கும்? பேரல மட்டும் மாத்துனா அது சும்மா குழாய்தான். கீழ்பாதி, கைப்புடி, ட்ரிகர் மட்டும் பொது.

மாத்துறது சுலபம். மேகசின எடுத்துட்டு, பேரல்ல குண்டு உக்கார்ற அறை காலியான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, லீவர திருப்புனா மேல்பாதி கழண்டு வருது, இன்னொன்ன வெச்சு பூட்ட வேண்டியதுதான். பொருத்தம் எப்படின்னா, ஆட்டமே இல்ல, வெரலால நெம்பிப் பாத்தேன், மில்லில நூறுல ஒரு பங்கு கூட அசைவு இருக்குமான்னு சந்தேகம். 1968-ல வந்த டிசைனுங்க இது. நம்ம பட்டறைல இப்படி ஒரு ஃபிட்டு கொண்டாரணும்னா ஆபரேட்டர் தம்பி லீவு போட்டுட்டு ஓடிருவான்.

எனக்கு ரொம்பப் புடிச்சது சைட்டு மேல்பாதிலயே இருக்கறது. .22-க்கு வெச்ச சீரோ (குறி வெச்ச எடத்துல குண்டு விழற மாதிரி சைட்ட திருப்பி வெக்கறது) அதுலயே இருக்கும், .32-க்கு வெச்சது இதுலயே இருக்கும், ஒவ்வொரு வாரமும் சைட்டு திருகோட கிளிக்கு எண்ணிட்டு உக்கார வேண்டியதில்ல. மேகசின் ட்ரிகருக்கு முன்னால இருக்கறதால எடை முன்பக்கம் சாயும், .32 மேல்பாதி போட்டா இன்னும் கொஞ்சம் சாயுது, மொத ரெண்டு வாரம் தோள்பட்ட கெஞ்சுச்சு. அப்புறம் அந்தக் கனமே கைய அசையாம நிறுத்துதுன்னு தோணுச்சு, அது உண்மையா என் பிரமையான்னு தெரியல.

இனி கொற. மொத நாளு மூணாவது குண்டுக்கே ஜாம். அப்பறம் அஞ்சுக்கு ஒண்ணு ஜாம். கிட்டு மட்டம்னு முடிவே பண்ணிட்டேன், அண்ணன் போல்ட்ட வெளிய எடுத்துக் காட்டுனாரு பாருங்க, பழைய கிரீஸ் காஞ்சு பாயாசத்து ஏடு மாதிரி ஒட்டிக் கெடக்குது. "தம்பி, மெஷினுக்கு ஆயில் வேணும்னு உனக்கு நான் சொல்லணுமா"ன்னாரு, தலைய குனிஞ்சுக்கிட்டேன். தொடச்சு லேசா எண்ணெய் விட்டப்பறம் அறுபது குண்டுல ஒண்ணு கூட சிக்கல. பேரல் தொடைக்கற பிரஷ்ஷும் தனியா வாங்கோணும், .22 பிரஷ் இதுக்குள்ள லொடலொடன்னு போகுது.

குண்டு விசயத்துல ஏமாந்துராதீங்க. இது வாட்கட்டர்ங்கற தட்டையான குண்டு மட்டும்தான் திங்கும். ஈயம் கேஸுக்குள்ளயே முழுசா முங்கி வாயோட சமமா நிக்கும், மூக்கு வெளிய நீட்டாது. பொள்ளாச்சி மாமா தோப்புக்குன்னு ஆர்டனன்ஸ் ஃபேக்டரி .32 ரிவால்வர் வெச்சிருக்காரு, "ஏன் மாப்ள, நம்முளுதும் .32 தான, என் குண்டு அதுக்கு ஆகாதா"ன்னாரு. கேஸு ஒண்ணேதானுங்க மாமா, ஆனா உங்க குண்டுக்கு மூக்கு உருண்டையா நீட்டிக்கிட்டு இருக்குது, இந்த மேகசின்ல உக்காராதுன்னு சொன்னேன், அப்பிடியா வெளங்கும்னு போயிட்டாரு. அவர் லைசென்ஸு, அவர் குண்டு, கிளப்புக்குள்ள அது வராதுங்கறது வேற சமாச்சாரம். .32 ஏசிபின்னு இன்னொண்ணு இருக்குது, அது வேற குண்டு, அதையும் இதையும் கொழப்பிக்காதீங்க.

வாட்கட்டர் காகிதத்துல போடற ஓட்ட இருக்கே, பேப்பர் பஞ்ச் பண்ற மெஷின்ல அடிச்ச மாதிரி வட்டமா சுத்தமா இருக்குது. .22 ஓட்ட 5.6 மில்லி, இது 8 மில்லிக்கு பக்கம், அப்ப ஆரத்துல 1.2 மில்லி லாபம், கோட்டத் தொட்டா மேல் மார்க்குன்னு இருக்கறதால ஒண்ணு ரெண்டு பாயிண்டு சும்மாவே வருது. மத்தபடி கை எப்படியோ மார்க்கும் அப்படித்தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டுல ஜஸ்பால் ராணா இந்த மாதிரி .32 பிஸ்டல் சுடற சென்டர் பயர் போட்டில 600-க்கு 590 போட்டு உலக சாதனைய சமன் பண்ணுனாரு, நம்ம கார்டுல இன்னும் 500 தாண்டறதுக்கே முட்டி போட்டுட்டு நிக்கறோம்.

அந்தப் போட்டிக்கு மொத்தம் அறுபது குண்டு, அதுல மொத முப்பது நிதானமா, அஞ்சு குண்டுக்கு அஞ்சு நிமிசம், அதுல .32 சொகமா இருந்துச்சு. பின்னாடி முப்பதுதான் வாட்டுது, 7 செகண்டு மறைஞ்சு 3 செகண்டு தெரியற டார்கெட்டுக்கு ஒவ்வொரு தடவயும் கைய தூக்கி ஒரே ஒரு குண்டு. .22-ல பழகுன கைக்கு .32 ஒதைக்கறது பெருசில்ல, ஆனா சத்தத்துக்கு பயந்து ட்ரிகர வெடுக்குன்னு இழுத்துட்டேன், எட்டு ஏழுன்னு கீழ எறங்கிருச்சு. கீழ்பாதில மாட்டற ட்ரிகர் யூனிட்டும் ரெண்டு இருந்துச்சு, இழுக்கறதுக்கு வேண்டிய கனம் ஒண்ணுக்கு 1000 கிராம், ஒண்ணுக்கு 1360. முன்னால சென்டர் பயருக்கு 1360-ன்னு ரூல், இப்ப ரெண்டுக்கும் 1000 தான், அந்த கனத்தத போட்டு சுட்டது வீண் வேலன்னு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

சொந்தமா வாங்கலாமான்னா, கையிருப்பு மட்டும் போதாது. 1959 ஆயுத சட்டத்துல பாகமும் ஆயுதக் கணக்குல வருது, லைசென்ஸு புத்தகத்துல .22-ன்னு மட்டும் இருந்தா .32 மேல்பாதிய பையில போட்டுட்டு வீட்டுக்கு வர முடியாது, கலெக்டர் ஆபீஸு வேலைய முடிச்சுட்டுத்தான் இம்போர்ட் பக்கமே போகணும். வாட்கட்டர் குண்டும் வெளிநாட்டுல இருந்துதான், லாபுவா மாதிரி கம்பெனிங்க குண்டு, .22 வெலையோட ஒப்பிட்டா வயிறு எரியும். நான் வாங்கப் போறதில்ல, வாரம் பூரா .22-ல ட்ரிகர் பழகிட்டு மாசத்துல ரெண்டு ஞாயிறு கிளப்போட .32 கிட்டை மாட்டி சுடறதா இருக்கேன், கைப்புடியும் ட்ரிகரும் ஒண்ணேங்கறதால அங்க பழகுனது இங்க வீணாகல.

ஈரோடு, சேலம் பக்கம் பர்டினி எச்பி (இன்னொரு .32 பிஸ்டல்) சுடறவங்க யாராவது இருந்தா அதுல ஒதை எப்படின்னு எழுதுங்க, கையில புடிச்சுப் பாக்க ஆச.